ஈ மொய்க்காத மீன்

எங்கள் தெருமுனையில் இரண்டு கரும்பலகைகள் இருக்கின்றன. ஒன்று கட்சிக்காரர்களுடையது. கூட்டம், கண்டனம், தலைவர் பிறந்தநாள் எல்லாம் அதில் வரும். இன்னொன்று படிப்பகத்துப் பலகை. படிப்பகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை போட்ட ஓர் அறை, நாலு பேப்பர், ஒரு கேரம் போர்டு, அவ்வளவுதான். அந்தப் பலகையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அறிவியல் எழுதுகிறவன் நான்.

இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. எழுதும்போது பின்னால் யாராவது வந்து நின்றால் எனக்குக் கை ஓடாது. அதனால் தெரு எழுந்திருப்பதற்கு முன்பே போய் எழுதிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். பிறகு ஒன்றும் தெரியாதவன் போல டீக்கடைக்கு வந்து, யார் படிக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே வரும் டிரெய்லரின் எண்ணையும் அதன் மேல் இருக்கும் பெட்டியின் எண்ணையும் குறிப்பது என் வேலை. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காகத்தான் படிப்பகத்தில் சாக்பீஸை என்னிடம் கொடுத்தார்கள். பொன்மொழி எழுதச் சொன்னார்கள். பொன்மொழியை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. நானே கடைப்பிடிக்காததை ஊருக்கு எப்படிச் சொல்வது? அதற்குப் பதிலாக, யார்டில் வண்டி வராத நேரத்தில் படிக்கிற பழைய அறிவியல் புத்தகங்களிலிருந்து எனக்குப் புரிந்ததை எழுத ஆரம்பித்தேன். சைக்கிள் செயின் நம் தெருவில் ஏன் இத்தனை சீக்கிரம் துருப்பிடிக்கிறது, பகலில் கடல்காற்று எந்த நேரத்துக்கு ஏன் திரும்புகிறது, இப்படி.

டீக்கடையில் நின்று நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம், ஒரு மனிதன் பலகையைப் பார்ப்பது கிளாஸில் டீ இருக்கும் வரைக்கும்தான் என்பது. டீ முடிந்தால் பார்வையும் முடிந்தது. அதனால் விஷயத்தை டீக்குள் அடக்கப் பார்த்தேன். அடக்கினால் விஷயம் பாதியாகிவிடுகிறது. முழுதாக எழுதினால் யாரும் பாதிக்கு மேல் போவதில்லை. புத்தகத்துச் சொல்லைப் போட்டால் கண் அப்படியே சினிமா போஸ்டருக்கு நழுவிவிடுகிறது. ஒருமுறை நாங்கள் பேசுகிற மாதிரியே எழுதிப் பார்த்தேன். அதற்கும் சிரித்தார்கள். “இன்னா தல, நம்ம பாஷய போர்டுல போட்டுகீற, ஜோக்கா?” என்றார் டீக்கடைக்காரர். தங்கள் வாயில் இருக்கும் சொல் பலகைக்கு வந்தால் அது அறிவாக இருக்க முடியாது என்று அவர்களே நினைத்தால் நான் என்ன செய்வது?

குளிர்காலக் காலையில் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை மேலே போகாமல் ஏன் தெருவிலேயே படுத்துக்கொள்கிறது என்று எழுதியது எனக்கு மிகவும் பிடித்த பலகை. தரை குளிர்ந்திருக்கும், மேலே காற்று சூடாக இருக்கும், அது ஒரு மூடி போல அழுத்தும் என்று படம் வரைந்து எழுதியிருந்தேன். டீக்கடைக்காரர் அதை மட்டும் முழுதாகப் படித்தார். படித்துவிட்டு என்னிடமே கேட்டார்.

“மேல போவாததுக்குக் காரணம் தெரிஞ்சி இன்னா பண்றது தல? மேல போவ வெக்கிறதுக்கு ஏதனா கீதா?”

இல்லை என்றேன். அவர் கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

பலகைக்குக் கீழே நடைபாதையில் என் அண்ணனின் மனைவி மீன் விற்பார். அண்ணன் முதுகு போன பிறகு மீன்பிடி போட்டுக்குப் போவதில்லை. குடும்பம் அண்ணியின் மீன் பெட்டியில்தான் ஓடுகிறது. விடியும் முன்பே காசிமேட்டு ஏலத்துக்குப் போய், சங்கரா, கானாங்கத்தை, காரப்பொடி என்று கிடைக்கிற மீனை எடுத்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். தெர்மாகோல் பெட்டியில் உடைத்த ஐஸ், அதன் மேல் மீன், அதற்கு மேல் ஈரச் சாக்கு. கையில் எப்போதும் ஒரு குச்சி இருக்கும். அதன் நுனியில் பிளாஸ்டிக் கவரைக் கீறிக் கட்டியிருப்பார். பேசிக்கொண்டிருந்தாலும், சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாலும் அந்தக் கை விசிறிக்கொண்டே இருக்கும்.

“என் மீன்ல ஒரு ஈய காட்டு, மொத்தப் பொட்டியும் ஃப்ரீயா தூக்கினு போ” என்பது அவர் வழக்கமாக விடும் சவால்.

அந்தச் சவால்தான் அவரைக் கவிழ்த்தது.

ஒருநாள் தெருவில் எல்லார் போனிலும் ஒரு வீடியோ வந்தது. எந்த ஊர் என்றே தெரியாத ஒரு மீன் சந்தை. படபடவென்று ஒரு குரல் பேசியது. மீன் கெடாமல் இருப்பதற்காகப் பிணத்துக்குப் போடுகிற மருந்தை ஊற்றி விற்கிறார்களாம். ஃபார்மலின் என்று அதற்குப் பெயராம். அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கிறதாம். ஈ உட்கார்ந்தால் நல்ல மீன். உட்காராவிட்டால் மருந்து மீன்.

மறுநாள் காலை அண்ணியிடம் வாடிக்கையாக வாங்கும் ஒரு பெண் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, ஒரு ஈ கூடக் காணோம்?”

“ஈ வந்தாத்தான் உனுக்குக் கொயம்பு ருசிக்குமா?”

“அதில்லக்கா, வீடியோல ஒர்த்தன் சொல்றான்...”

“அவன் வூட்டு மீனயா நான் விக்கிறேன்? எத்தினி வருசமா என் கையால துன்ற, செத்தா பூட்ட?”

அந்தப் பெண் சிரித்தாள். ஆனால் வாங்கவில்லை. தெருவின் எதிர்ப்பக்கத்தில், வெயிலில் தகரத்தட்டு வைத்து விற்கும் ஒரு அம்மாவிடம் போய் வாங்கினாள். அங்கே ஐஸும் கிடையாது, சாக்கும் கிடையாது. தட்டின் மேல் ஈ கறுப்பாக உட்கார்ந்திருந்தது. அந்த வாரம் முழுவதும் எதிர்ப்பக்கம் கூட்டமும் இந்தப் பக்கம் ஈரச் சாக்குமாகப் போனது. விற்காத மீனை அண்ணி உப்புப் போட்டு மொட்டைமாடியில் காயவைத்தார். மாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்கக் கருவாடாகிவிட்டது.

ஒரு மாலை அவர் எங்கள் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, நீ இத்தினி நாளா எய்திகினு கீற. அதால எனுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. இப்ப எனுக்காவ ஒண்ணு எய்து. என் மீன்ல மருந்து இல்லன்னு எய்து. போதும்.”

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பலகையில் இன்னது எழுது என்று ஒருவர் தேவைப்பட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே படிக்க ஆரம்பித்தேன். ஃபார்மலின் என்றால் என்ன, அது மீனின் சதையில் என்ன செய்கிறது, ஐஸ் என்ன செய்கிறது, எல்லாம் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கத்தான் சிக்கல் தெரிந்தது. இல்லை என்று எழுத எனக்கு என்ன ஆதாரம்? அண்ணி ஊற்றவில்லை என்று எனக்குத் தெரியும். ஏலத்துக்கு வருவதற்கு முன் யாரும் எதுவும் செய்யவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

“அண்ணி, ஐஸ் எங்க வாங்கறீங்க? அந்த மீனு எத்தினி நாள் போட்ல இருந்துச்சி?”

“நீ இன்னா போலீசா? கீதா, இல்லியா? ஒரே வார்த்தைல சொல்லு.”

ஒரே வார்த்தையில் சொல்லத்தான் முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்த உண்மை முழுவதையும் எழுதினேன். ஃபார்மலின் நல்லதல்ல என்று எழுதினேன். மீன் செத்த பிறகு அதன் உடம்பிலேயே அந்தப் பொருள் மிகக் கொஞ்சமாக உண்டாகும், அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, வெளியிலிருந்து ஊற்றினால்தான் ஆபத்து என்று எழுதினேன். படகிலிருந்து நேராக வந்து ஐஸில் இருக்கும் மீனுக்கு அப்படி ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை என்றும் எழுதினேன். ஒவ்வொரு சொல்லையும் அளந்து போட்டிருந்தேன்.

டீக்கடையில் ஓரமாக நின்று பார்த்தேன். ஒருவர் இரண்டாவது வரி வரைக்கும் படித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னார்.

“எல்லா மீன்லயும் கீதாம்பா. போர்டுலயே போட்டுகீறான்.”

அரைமணி நேரத்தில் அண்ணிக்கு விஷயம் போய்விட்டது. ஐஸ் மேல் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து, பலகையைத் துடைத்தே விட்டார்.

“எனுக்கு நல்லது பண்றியா, சங்கு ஊதறியா?”

“அண்ணி, கடைசி வரி வரைக்கும் படிச்சா...”

“கடைசி வரி வரைக்கும் எவன்டா படிப்பான்? நீ மின்னாடி போட வேண்டியதப் பின்னாடி போட்டா, எவன் உக்காந்து பாத்துகினு இருப்பான்?”

அந்த வாரம் யார்டில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டே அதையேதான் யோசித்தேன். மீன் உடம்பிலேயே அந்தப் பொருள் உண்டாகும் என்ற வாக்கியம் உண்மை. ஆனால் அது பாதியில் வெட்டுப்பட்டால் பொய்யாகிவிடுகிறது. அப்படியானால் அந்த உண்மையையே விட்டுவிடுவதா? விட்டால் நான் எழுதுவது விளம்பரம். விடாவிட்டால் அண்ணிக்கு இழப்பு. அறிவியல் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்குமா என்று தெரியவில்லை. அவர்களுடைய புத்தகத்துக்குக் கீழே அவர்களுடைய அண்ணி உட்கார்ந்து மீன் விற்பதில்லை.

அடுத்த வாரம் மருந்துப் பேச்சையே எடுக்கவில்லை. ஈயைப் பற்றி மட்டும் எழுதினேன். ஈ நல்ல மீனைத் தேடி வருவதில்லை, வெயில் பட்டு வாடை எடுக்கிற மீனைத் தேடித்தான் வருகிறது என்றேன். ஐஸில் குளிர்ந்து மூடியிருக்கும் மீனில் அது உட்காராது. இங்கே வந்து உட்காருவதற்கு முன் அது உட்கார்ந்த இடம் சாக்கடையாக இருக்கலாம். இதைப் பெரிய எழுத்தில், ஈ ஒன்றின் படத்தோடு போட்டேன். டீ முடிவதற்குள் படித்துவிடலாம்.

இந்தத் தடவை முழுதாகப் படித்தார்கள். டீக்கடைக்காரர் கூட்டத்துக்கே விளக்கம் சொன்னார்.

“கேட்டுக்கங்கப்பா. ஈ வந்தா கெட்ட மீனு. ஈ வரலன்னா மருந்து மீனு. மொத்தத்துல மீனே துண்ணாத, கோயி துண்ணுன்றாரு நம்ம தல.”

பக்கத்துக் கோழிக்கடைக்காரர், “அண்ணனுக்கு ஒரு ஸ்பெஷல் டீ போடு, என் கணக்குல” என்று குரல் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல், “அவுங்க அண்ணிக்காவ எய்தறான், வேற இன்னா எய்துவான்” என்றார். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. ஏனென்றால் அதில் பாதி நிஜம்.

பிறகுதான் பரிசோதனைப் பட்டை என்று ஒன்று இருப்பது தெரியவந்தது. காகிதப் பட்டையை மீன் மேல் தேய்த்து, கூடவே தருகிற புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டால், மருந்து இருந்தால் நீலமாக மாறும். இல்லாவிட்டால் வெளிறிக் கிடக்கும். பாரிமுனையில் ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் சொல்லிவைத்து வாங்கினேன். எழுதி நம்பாதவர்கள் கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன்.

அண்ணிதான் கூட்டம் சேர்த்தார். “வாங்க, வந்து பாருங்க, என் கொயந்தன் டெஸ்ட் பண்றாரு! நாளிக்கி வந்து வீடியோ காட்டாதீங்க, இன்னிக்கே பாத்துக்கங்க!” என்று அவர் கத்த, எனக்குக் காது சூடானது. யாரும் பின்னால் நின்றாலே எழுத முடியாதவன், முன்னால் அத்தனை பேர் நிற்க, ஒரு சங்கரா மீன் மேல் பட்டையைத் தேய்த்தேன். சொட்டு விட்டேன். காத்திருந்தோம். பட்டை வெளிறியே இருந்தது.

“மருந்து இல்லை” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

“இல்லியாம்! கேட்டுச்சா? இல்லியாம்!” என்று அண்ணி திருப்பிச் சொன்னார்.

கூட்டத்திலிருந்த ஓர் ஆட்டோக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். “மாமு, அந்த அட்ட எப்பவுமே அப்பிடித்தான் கீமோ இன்னாவோ? மருந்து கீற மீன்ல வெச்சி நீலமாக்கிக் காட்டு. அப்ப நம்பறேன்.”

கூட்டம் சிரித்தது. கிண்டலுக்குத்தான் கேட்டார். எனக்கோ அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இத்தனை காலம் எழுதியும் ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை. பட்டை வேலை செய்கிறது என்பதற்கு என்ன நிச்சயம்? அதைக் காட்டினால்தான் மற்றது செல்லும். எங்கள் தெருவில் ஒருவர், கல்லூரியில் தவளையும் பாம்பும் போட்டு வைக்கும் கண்ணாடி ஜாடிகளைப் பார்த்துக்கொள்பவர், “அந்த மருந்து எங்ககிட்ட கீது, கொஞ்சூண்டு கேட்டு வாங்கியாறேன்” என்றார். அடுத்த ஞாயிறு என்று பேச்சு.

அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு மீன், இரண்டு எவர்சில்வர் தட்டு. வலது தட்டில் இருந்ததை அப்படியே வைத்தேன். இடது தட்டில் இருந்ததன் மேல் மருந்தை ஊற்றினேன். மூக்கைக் குத்தும் வாடையில் கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. பலகையில் பெரிதாக எழுதியிருந்தேன்: வலது தட்டு, மருந்து கலக்காதது. இடது தட்டு, நாங்களே மருந்து கலந்தது. முதலில் வலது தட்டைச் சோதித்தேன். வெளிறல். பிறகு இடது தட்டு. பட்டை மெல்ல மெல்ல நீலமாகி, மை கொட்டினது போல ஆனது. “ஓ” என்று ஒரு சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்தை நான் இதற்கு முன் கேட்டதில்லை. நான் எழுதிய எதற்கும் யாரும் “ஓ” என்றதில்லை.

“ஒத்துக்கறேன் மாமு” என்று ஆட்டோக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கானாங்கத்தை வாங்கிக்கொண்டும் போனார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் வாங்கினார்கள். அண்ணியின் பெட்டி பல வாரங்களுக்குப் பிறகு அன்று பதினோரு மணிக்கெல்லாம் காலியானது. நான் வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மாலையில் வியாசர்பாடியிலிருந்து அண்ணியின் தங்கை போன் செய்தாள். “இன்னாக்கா, உன்னியப் புடிச்சிட்டாங்களாமே?”

அவள் அனுப்பிய வீடியோவை அண்ணி என்னிடம் நீட்டினார். அது நீலத்திலிருந்து ஆரம்பித்தது. பட்டை நீலமாகிறது, “பாரு பாரு, மாறுது பாரு” என்று ஒரு குரல், பிறகு “ஓ”. கேமரா மேலே ஏறினால் அண்ணியின் முகமும் மீன் பெட்டியும். பின்னால் என் பலகை. நிமிர்த்திப் பிடித்த போனுக்குள் பலகை முழுதாக விழவில்லை. “மருந்து கலந்தது” என்பது மட்டும், என் கையெழுத்தில், அழகாகத் தெரிந்தது. மேலே யாரோ சிவப்பு எழுத்து சேர்த்திருந்தார்கள்: மீனில் பிண மருந்து, நேரடி ஆதாரம்.

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “அது நீ ஊத்துனதுதான தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

எடுத்தவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. டீக்கடைக்காரர்தான். அவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“மின்னாடி நீ ரெண்டு தட்டு, வலது, இடதுன்னு பேசிகினு இருந்தது போர் அடிச்சிது தல. அதான் கட் பண்ணிட்டு நல்லா கீற சீன மட்டும் என் மச்சானுக்கு அனுப்பினேன். அந்த செவப்பு எய்த்து நான் போடல, சத்தியமா.”

போர் அடித்த பகுதியில்தான் எல்லாம் இருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? வலது தட்டு இல்லாமல் இடது தட்டுக்கு அர்த்தமே இல்லை என்பதைத்தான் நான் அன்று காட்ட வந்தேன். அவரும் அங்கேதான் நின்றிருந்தார். அவரும் “ஓ” என்றார்.

மறுப்பு எழுதினேன். பலகையில் எழுதினேன், வீடியோ வந்த குழுக்களில் ஒவ்வொன்றாக, கட்டைவிரல் வலிக்க, போனில் எழுதிப் போட்டேன். நான் எழுதியதற்குக் கீழே யாரோ குட்மார்னிங் பூ ஒன்றைப் போட்டார்கள். என் மறுப்பு அதற்கு மேலே ஏறிப் போய், கண்ணுக்கே தெரியாமல் போனது. பலகையில் எழுதியதைப் படித்த ஒருவர், “எந்த வீடியோ தல? நான் பாக்கலியே, அனுப்பு” என்றார். அதன் பிறகு மறுப்பு எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

அண்ணி காலையில் உட்காருவதையே விட்டுவிட்டார். சில நாள் வீட்டிலேயே இருந்தார். பிறகு ஒரு மாலை யார்டிலிருந்து திரும்பும்போது, பலகைக்குக் கீழே எண்ணெய்ச் சத்தம் கேட்டது. கேஸ் அடுப்பு, பெரிய தோசைக்கல், ஒரு பேசின் நிறைய சிவப்பு மசாலா தடவிய மீன். அண்ணி வறுத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கூட்டம்.

அதே ஏலம், அதே சங்கரா, அதே தெர்மாகோல் பெட்டி. அதே ஆட்கள்கூட. வாங்குகிறவர்களில் ஒருவர் தன் நண்பரிடம் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். “வறுத்தா மருந்துலாம் பூடும் மச்சி. எண்ணெல போட்டா எதுவும் நிக்காது.” “ஆமாமா” என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள், எலுமிச்சம்பழம் பிழிந்தால் மிச்சமும் போய்விடும் என்றார். அண்ணி எதற்கும் மறுப்புச் சொல்லாமல் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் கரண்டியால் அருகே கூப்பிட்டார். “இத்த பத்தி போர்டுல ஒண்ணும் எய்தாத. உன்னியக் கையெடுத்து கும்பிடறேன்.”

நான் எழுதவில்லை. நிலா ஏன் தேய்கிறது, வானவில் ஏன் வளைகிறது என்று எழுதுகிறேன். யாரும் சண்டைக்கு வராத விஷயங்கள். ஆனால் சாக்பீஸைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. ஒரு தப்பான நம்பிக்கை அண்ணியின் பிழைப்பைக் கெடுத்தது. இன்னொரு தப்பான நம்பிக்கை அதைத் திருப்பிக் கொடுத்தது. இடையில் நான் எழுதிய எதுவும் எதையும் நகர்த்தவில்லை. நகர்த்தியது ஒன்றே ஒன்றைத்தான், அதையும் தப்பான பக்கமாக.

போன வாரம் ஒரு மாலை அண்ணிக்குத் தண்ணீர் கேன் கொண்டுபோய் வைத்தேன். அப்போது ஒரு பெண் வந்து நின்றார். தையல் கம்பெனி வேலை முடிந்து வருபவர் போல, கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கியது. மீனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அண்ணா, இந்த போர்டுல எழுதறது நீங்கதானே? ஒண்ணு கேக்கணும். வறுத்தா அந்த மருந்து போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. நெசமா? பாப்பாவுக்குக் குடுக்கணும், அதான்.”

அண்ணியின் கரண்டி நின்றது.

“இந்த மீனுல மருந்தே இல்லம்மா” என்றேன்.

“அது சரிண்ணா. இருந்தா? வறுத்தா போயிடுமா?”

பின்னால் நாலைந்து பேர் காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை, கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் போவும். முழுசாப் போவாது.”

“அப்ப இதுல இல்லன்னு எப்படிச் சொல்றீங்க?”

சொன்னேன். இரண்டு தட்டையும் சொன்னேன், பட்டை வேலை செய்கிறதா என்று பார்க்க ஒன்றில் நாங்களே ஏன் மருந்து ஊற்றினோம் என்பதைச் சொன்னேன். அன்றைக்குப் பார்த்த மீனுக்குத்தான் நான் உறுதி சொல்ல முடியும், இன்றைய மீனுக்கு அண்ணி வாங்கும் இடமும் விதமும்தான் உறுதி என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அந்தப் பெண் போனைப் பார்க்கவில்லை. நடுவில் இரண்டு கேள்வி கேட்டார்.

“ரெண்டு மீனும் ஒரே பொட்டில எடுத்ததா?”

“ஆமாம்மா.”

“மருந்து பட்ட கையோட அடுத்த தட்டத் தொடலியே?”

“இல்லம்மா. மருந்து போடாததத்தான் மொதல்ல பாத்தோம்.”

“அப்ப வீடியோல நீலமானது நீங்க ஊத்துனது.”

“ஆமா.”

“சரிண்ணா, புரிஞ்சுது.” அண்ணி பக்கம் திரும்பினார். “அக்கா, எனக்கு வறுத்தது வேணாம். பாப்பாவுக்கு இந்தக் காரம் ஒத்துக்காது. பச்ச மீனே ஒரு அரக்கிலோ குடுங்க, கொழம்பு வெச்சுக்கறேன்.”

அண்ணி பேசினைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். அடியில் இருந்தது வரைக்கும் சிவப்பாக இருந்தது.

“எல்லாத்துக்கும் மசாலா தடவிட்டனேம்மா.”

“காலைல உக்காருவீங்களா?”

“இப்பலாம் காலைல குந்தறதில்லம்மா.”

அந்தப் பெண் சரி என்று தலையாட்டிவிட்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். நான் திரும்பிப் பார்த்தேன். காசோடு நின்றவர்களைக் காணவில்லை. கல்லில் இருந்த துண்டுகள் ஓரம் கறுத்திருந்தன. அண்ணி அவற்றைச் சுரண்டி எடுத்து ஒதுக்கினார்.

“முழுசாப் போவாதுன்னு சொல்லியே ஆவணுமா உனுக்கு?” என்றார். அவர் புதுத் துண்டுகளை எண்ணெயில் போட்டார். “ஒர்த்திக்குப் புரிய வெக்கிறதுக்குள்ள இருந்தவன்லாம் பூட்டான். அந்தாண்ட போய் நில்லு தம்பி, புண்ணியமாப் போவும்.”

தள்ளிப்போய் நின்றேன்.